சேலத்திலிருந்து ஆப்கன் கிராமத்துக்கு உதவுவது எப்படி: பணம், பம்பு, காகிதம்

ஆப்கானிஸ்தானில் நிலநடுக்கம், பஞ்சம் என்று செய்தி வந்தால் நம் ஊரில் முதலில் கிளம்புவது துணி மூட்டை. அதை நிறுத்திவிடுங்கள். அட்டாரி எல்லை 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. பாகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவிலுள்ள தோர்கம் வாசலும் அதே ஆண்டு அக்டோபர் மோதலில் அடைபட்டது. தரைவழி எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கடல் வழியோ விமானமோ எதில் அனுப்பினாலும், மூட்டையின் மதிப்பைவிட அனுப்பும் செலவு அதிகமாகும். இதையெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தாலும் பயன் குறைவு. காபூல் நகரமே சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், அதாவது ஏற்காட்டுக்கும் மேலே இருக்கிறது. பாமியான் 2,500 மீட்டர். நம் வீட்டு ஸ்வெட்டர் அந்தக் குளிருக்கு மேல்துண்டு மாதிரி. காபூல், ஹெராத் கடைத்தெருக்களில் கனமான போர்வையும் கரி அடுப்பும் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கக் காசுதான் இல்லை.

சேலத்தில் ஐந்து முதல் இருபது லட்சம் வரை திரட்டக்கூடிய அறக்கட்டளை, சேவைக் கழகம், முன்னாள் மாணவர் சங்கம் ஆகியவற்றை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். எடுத்துக்காட்டாகக் குடிநீர் அடிபம்புப் பராமரிப்பை வைத்துக்கொள்வோம். செலவு சிறியது, பலனை எண்ணிப் பார்க்கலாம், அடிபம்பு நமக்கும் பழகிய பொருள். அந்தப் பழக்கமே எங்கே காலை வாரும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் கூட்டாளி, அப்புறம்தான் திட்டம்

நேராக ஒரு ஆப்கன் கிராமத்தைத் தத்தெடுக்கும் ஆசை வேண்டாம். அங்கே ஏற்கனவே வேரூன்றிய வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் நடப்புத் திட்டத்தில் ஒரு பகுதியை ஏற்பதுதான் சின்ன அமைப்புக்குக் கட்டுப்படியாகும். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்கன்எய்ட் 1983 முதல் இயங்குகிறது. டென்மார்க் அமைப்பான டகார் 1984-ல் தொடங்கியது. கிணறும் பம்பும் அதன் நெடுநாள் வேலை. ஆகா கான் அறக்கட்டளை மலை மாகாணங்களில் வலுவாக இருக்கிறது. பழைய பெயர் என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். 1982-லிருந்து அங்கே பள்ளியும் மருத்துவமனையும் நடத்திய ஸ்வீடன் கமிட்டி, 2024-ல் தாலிபான் உத்தரவால் வேலையை நிறுத்த நேர்ந்தது. இன்றைக்கு எந்த மாவட்டத்தில் அலுவலகம் திறந்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். காபூலில் இயங்கும் அக்பார் என்ற தொண்டு நிறுவனக் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கியது. அதில் உறுப்பினரா என்பது முதல் சல்லடை.

கேட்டு வாங்க வேண்டியவை: பொருளாதார அமைச்சகத்தின் பதிவுச் சான்று, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கான துறை அமைச்சக ஒப்பந்தம், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழுப் பெயர்ப் பட்டியல், நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு, புகார் பெறும் முறை. பெயர்களை ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலின் 1988-ஆம் எண் தீர்மானப்படி தாலிபான் தொடர்புள்ளவர்களைப் பட்டியலிடும் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒப்பிட்ட தேதியோடு பிரதி எடுத்து வையுங்கள். ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருக்கும் நாடு அது. பெயர் ஒத்துப்போனால் பதறாமல் தந்தை பெயர், பிறந்த ஆண்டு, மாகாணம் மூன்றையும் பாருங்கள்.

எல்லாக் காகிதமும் வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி: “போன வருஷம் எந்த வேலையைப் பாதியில் நிறுத்தினீர்கள், ஏன்?” எதையும் நிறுத்தவில்லை என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே பயனாளிப் பட்டியலில் தங்கள் ஆட்களைச் சேர்க்கச் சொல்லி அதிகாரிகள் நெருக்குவது நடைமுறை. அதற்கு இணங்காமல் ஒரு வேலையையாவது நிறுத்திவைக்காத நேர்மையான நிறுவனம் அபூர்வம்.

பணம் போகும் வழி

பலர் சறுக்குவது இங்கேதான். எது முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம் உதவாது. இந்தியாவுக்கு வெளியே செய்யும் வேலை, விளையாட்டு வீரர் பயிற்சி என்ற ஒரு விலக்கைத் தவிர, அந்தக் கணக்கில் வராது. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்கில் வந்த வெளிநாட்டுப் பணத்தையும் தொடாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை உள்நாட்டிலுள்ள இன்னொரு அமைப்புக்குக்கூடக் கைமாற்ற முடியாது. அறக்கட்டளையின் சொந்த வருமானத்தை வெளிநாட்டில் செலவிட வேண்டுமானால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 11(1)(சி) பிரிவின்படி மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி ஆணை தேவைப்பட்டது. ஆணை இல்லாமல் செலவிட்டால் அது அறச்செலவாகக் கணக்கில் சேராது, வரி விழும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் இப்போதைய பிரிவு எண்ணை ஆடிட்டரிடம் சரிபாருங்கள். உங்கள் டிரஸ்ட் பத்திரத்தில் வெளிநாட்டுப் பணி நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.

வெள்ளி வியாபாரம் நடக்கும் ஊர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். “இங்கே கொடுத்தால் அங்கே கொடுத்துவிடுவார்கள்” என்று யாராவது சொன்னால் அது ஹவாலா, இந்தியாவில் சட்டவிரோதம். காபூலில் பணமாற்றுச் சந்தை வெளிப்படையாக நடக்கிறது, தொண்டு நிறுவனங்களும் உள்நாட்டுக்குள் அதைப் பயன்படுத்துகின்றன. அது அங்கே உள்ளவர்களின் பாடு. அதற்கான கட்டணம் எத்தனை சதவீதம் என்று கூட்டாளியிடம் எழுதி வாங்கி, பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள்.

இனி முடியக்கூடிய வழிகள். மிக எளியது, இந்தியாவில் அலுவலகம் உள்ள ஐ.நா. அமைப்புக்கு ரூபாயிலேயே கொடுப்பது. எந்தக் கிராமம் என்பது உங்கள் கையில் இருக்காது. அவசர நிவாரணத்துக்கு இதுவே போதும்.

குறிப்பிட்ட திட்டம் வேண்டுமென்றால், உறுப்பினர்கள் தனித்தனியாக எல்.ஆர்.எஸ். வழியில், அதாவது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டத்தில், அனுப்பலாம். ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வரம்பு உண்டு. இது தனிநபர்களுக்கு மட்டும். டிரஸ்டுக்கோ கூட்டு நிறுவனத்துக்கோ எச்.யூ.எஃப். என்ற இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கோ கிடையாது. ஆகவே டிரஸ்ட் கணக்கில் பணத்தைச் சேர்த்து ஒருவர் பெயரில் அனுப்பும் குறுக்குவழி வேண்டாம். அவரவர் கணக்கிலிருந்து அவரவர் பான் எண்ணில் போக வேண்டும். வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்1303, வெளிநாட்டு அற நிறுவனங்களுக்கான நன்கொடை. ஒருவர் ஆண்டில் அனுப்பும் மொத்தம் பத்து லட்ச ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது பின்னால் வரிக் கணக்கில் கழியும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். பத்துப் பேர் பிரித்து அனுப்பினால் பெரும்பாலும் அந்தத் தொல்லையே இல்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேராகக் கொடுப்பதற்கு 80ஜி பிரிவின் வரிக் கழிவு கிடைக்காது என்பதை நன்கொடையாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் காபூல் கணக்குக்குப் போக வேண்டாம். கூட்டாளியின் லண்டன் அல்லது கோபன்ஹேகன் கணக்குக்குப் போகட்டும். டாலரில் அனுப்பினால் அது நியூயார்க் வங்கி ஒன்றைத் தொட்டுத்தான் போகும், அங்கே அமெரிக்கத் தடை விதிகள் பொருந்தும். 2022 பிப்ரவரியில் அமெரிக்க நிதித்துறை கொடுத்த 20-ஆம் எண் பொது உரிமம் பெரும்பாலான பரிமாற்றங்களை அனுமதிக்கிறது. ஐ.நா.வின் 2615-ஆம் தீர்மானம், 2021 டிசம்பரில் நிறைவேறியது, மனிதாபிமான உதவி தடையை மீறியதாகாது என்கிறது. இருந்தும் நடுவிலுள்ள வங்கி பயந்துபோய் நிறுத்திவைப்பது உண்டு. பவுண்டு, யூரோ, குரோன் என்று கூட்டாளியின் நாணயத்திலேயே அனுப்பினால் இந்தத் தடங்கல் குறையும். பெயரில் “ஆப்கன்” என்று இருந்தாலே கேள்வி வரும். நோக்கத்தை மறைக்காதீர்கள். “கிராமக் குடிநீர்ப் பம்பு பராமரிப்பு, இன்ன மாகாணம், இன்ன ஒப்பந்த எண்” என்று முழுதாக எழுதுங்கள். ஒப்பந்தப் பிரதி, கூட்டாளியின் பதிவுச் சான்று, தடைப் பட்டியல் ஒப்பீடு மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கிக் கிளை மேலாளரிடம் முன்கூட்டியே கொடுத்தால், கேள்வி வரும் அன்றைக்கே பதில் போகும். பதில் தாமதமானால் பணம் கட்டணம் கழிந்து திரும்பி வரும். வங்கிக் கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறிக்கவும். இல்லையென்றால் பத்து பேர் அனுப்பும் பத்துத் தொகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ரசீதும் கணக்கும் ஒட்டாமல் போகும்.

கூட்டாளிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, இந்தப் பணம் இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டுங்கள். அதில் நிர்வாகச் செலவுக்கு 7 முதல் 10 சதவீதம் ஒதுக்கத் தயங்க வேண்டாம். “ஒவ்வொரு பைசாவும் ஏழைக்கே” என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டு, கணக்காளர் சம்பளத்தைப் பம்புச் செலவுக்குள் ஒளித்துவைக்கும்படி நாமே அவர்களைப் பழக்கிவிடுகிறோம்.

பருவத்தைப் பார்த்துத் தவணை

ஆப்கன் ஆண்டு மார்ச் 21 ஒட்டி, ஹமல் மாத முதல் தேதியில் தொடங்கும். பனி உருகி நிலத்தடி நீர் ஏறுவது வசந்தத்தில். நீர் மிகக் கீழே போவது செப்டம்பர், அக்டோபரில். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கோர், டைகுண்டி, பதக்‌ஷான் போன்ற மலை மாவட்டங்களுக்குச் சாலையே இராது. சேலத்தில் மார்ச் நிதியாண்டு முடிவுக்காக அவசரமாக அனுப்பும் பணம் அங்கே நல்ல வேளையாக ஏப்ரலில் இறங்கும். தீபாவளிக்கு வசூலித்து டிசம்பரில் அனுப்பினால் பனி உருகும் வரை வங்கியில் தூங்கும். முதல் தவணை 40 சதவீதம் ஏப்ரலுக்குள், அடுத்த 40 ஆகஸ்டுக்குள், கடைசி 20 அறிக்கை வந்த பின் என்று வையுங்கள். கடைசித் தவணையை 30, 40 என்று உயர்த்தினால் கூட்டாளி கடன் வாங்கித்தான் வேலையை முடிக்க வேண்டியிருக்கும்.

அவர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். திங்கள் முதல் புதன் வரை நம் காலை பதினொன்றரைக்குப் பேசினால் இரண்டு பக்கமும் அலுவலகத்தில் இருப்பார்கள்.

பம்பு: நம்முடையது வேறு, அவர்களுடையது வேறு

சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் நிற்பது பெரும்பாலும் இந்தியா மார்க் 2. ஆப்கன் கிராமங்களில் நிற்பது அஃப்ரிடெவ் குடும்பம். ஆழத்துக்கு ஏற்ப இண்டஸ், காபூல், பாமிர் என்று அதில் வகைகள் உண்டு. இங்கே ஒரு கடையில் மார்க் 2 வாஷரும் செயினும் மொத்தமாக வாங்கி அனுப்பினால் ஒன்றுகூடப் பொருந்தாது. மார்க் 2-ல் இரும்புக் குழாயைத் தூக்கினால்தான் சிலிண்டரைப் பார்க்க முடியும். அதற்கு ஆட்களும் பிடிகருவிகளும் வேண்டும். அஃப்ரிடெவில் குழாய் 63 மில்லிமீட்டர் பி.வி.சி., அது கிணற்றுக்குள்ளேயே நிற்கும். தலைமூடியைத் திறந்து, ஒன்றோடொன்று கொக்கியில் மாட்டிய மூன்று மீட்டர்க் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தால் பிஸ்டன் கையில் வந்துவிடும். பிறகு அதே கம்பியின் நுனியில் மீன்பிடிக் கொக்கி போன்ற கருவியை மாட்டி அடிவால்வையும் மேலே இழுக்கலாம். ஒரே ஸ்பானர் போதும். முப்பது மீட்டர் ஆழமானால் பத்துக் கம்பி, இரண்டு பேர், ஒரு காலைப்பொழுது.

ஒரு பம்புக்கு ஓராண்டுத் தேய்மானப் பெட்டி: பிஸ்டனுக்கு யூ-சீல் என்ற ரப்பர் வளையம் ஒன்று, அடிவால்வுக்கு ஓ-ரிங் ஒன்று, வால்வைத் திறந்து மூடும் பாபின் இரண்டு, கைப்பிடிக்கு பேரிங் புஷ் நான்கு ஜோடி, கம்பிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, கம்பி குழாயில் உரசாமல் நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர் கொஞ்சம். தேயும்வரை காத்திராமல் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். காரணம் எளிது. தேய்ந்த புஷ்ஷோடு அடித்துக்கொண்டே இருந்தால் கைப்பிடி பக்கவாட்டில் ஆடி, விலை கூடிய தலைப்பகுதியைத் தின்றுவிடும்.

பழுதை இங்கிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அரைமணி நேரம் சும்மா விட்டபின் அடித்தால் தண்ணீர் வர ஐந்து முறைக்கு மேல் அடிக்க வேண்டியிருக்கிறதா? அடிவால்வு அல்லது குழாய் இணைப்பு ஒழுகுகிறது. உடனே வருகிறது, ஆனால் மெலிதாக வருகிறதா? யூ-சீல் தேய்ந்தது. கைப்பிடி காற்றில் ஆடுவதுபோல் இலேசாகி, தண்ணீரே இல்லையா? கம்பி கழன்றது. எல்லாம் மாற்றியும் இல்லையென்றால் நீர்மட்டம் சிலிண்டருக்குக் கீழே போய்விட்டது. அதற்கு எந்த சீலும் மருந்தல்ல. ஆகவே நீர்மட்ட அளவு அக்டோபரில் எடுத்ததுதான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மே மாத அளவைக் காட்டித் தோண்டிய கிணறுதான் இலையுதிர் காலத்தில் வற்றும்.

பழுது பார்த்தபின் குளோரின் போட வேண்டும். இங்கே கணக்கு தவறுவது வழக்கம். ஆறு அங்குல ஆழ்துளைக் கிணற்றில் ஒரு மீட்டர் நீருக்குச் சுமார் 18 லிட்டர். இருபது மீட்டர் நீர் நின்றால் சுமார் 360 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவில், 70 சதவீதக் குளோரின் தூள் சுமார் 26 கிராம் போதும். ஆனால் அங்குள்ள பம்புகளில் பல, ஆழ்துளைக் கிணற்றில் அல்ல, கையால் தோண்டிய கிணற்றின் மேல் நிற்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் நீருக்கே 785 லிட்டர். மூன்று மீட்டர் நின்றால் தூள் 170 கிராம் பக்கம். ஆழ்துளைக் கிணற்றின் அளவைத் தோண்டிய கிணற்றில் போட்டால் கிருமி எதுவும் சாகாது. ஓர் இரவு விட்டு, வாசனை போகும்வரை இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

ஒரு பம்புக்கு 500 பேர் என்பது பேரிடர் உதவிக்கான ஸ்ஃபியர் நெறிமுறையின் மேல்வரம்பு. தலைக்கு நாளுக்கு 15 லிட்டர், நடை தூரம் 500 மீட்டருக்குள். மலைக் குக்கிராமங்களில் தலைக்கணக்கைவிடத் தூரம்தான் முடிவு செய்யும். பட்டியலில் “2,000 பேர், 4 பம்பு” என்று அழகாக இருந்தால், வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் முறையை மிராப் என்ற ஊர் நீர்ப் பொறுப்பாளர் பார்க்கும் கிராமங்கள் பல. அவர் ஒப்புதல் இல்லாமல் புதிய கிணறு வெட்டினால் மேட்டுக் கால்வாய்க்காரர்களோடு தகராறு வரும்.

பெண் ஊழியர், புகைப்படம்

2022 டிசம்பர் 24 அன்று தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை பார்க்கத் தடை வந்தது. சுகாதாரம் போன்ற சில துறைகளில் அந்தந்த ஊரில் பேசி விலக்கு வாங்கி ஓட்டுகிறார்கள். தண்ணீர் சுமப்பது பெண்களும் குழந்தைகளும். பெண் ஊழியர் இல்லாமல் அந்த வீடுகளுக்குள் போய்க் கேட்க ஆளில்லை. ஆகவே கூட்டாளி எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள், அந்தப் பதிலை எங்கும் வெளியிடாதீர்கள். 72 கிலோமீட்டருக்கு மேல் பெண் பயணித்தால் கூடவே ஆண் உறவினர் வர வேண்டும் என்ற விதி 2021 முதல் இருக்கிறது. அவருக்கும் பேருந்துச் சீட்டு, சாப்பாடு, தங்குமிடம் உண்டு. “மஹ்ரம் (துணைக்கு வரும் ஆண் உறவினர்) பயணச் செலவு” என்று பட்ஜெட்டில் ஒரு வரி இல்லாவிட்டால் அந்தச் செலவு ஊழியரின் சம்பளத்திலிருந்துதான் போகும்.

உங்கள் கழகத்தின் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு கிராமத்துப் பெண்கள் சிரிக்கும் படம் கேட்காதீர்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் உயிருள்ளவற்றின் படத்தையே தடுக்கிறது. அந்தப் படம் எடுத்தவருக்கும் நின்றவருக்கும் ஆபத்து. பம்பின் படம், அதன் எண், பாகங்கள் வாங்கிய பில், நீர்மட்டக் குறிப்பேடு, இவை போதும். நன்கொடையாளர் முகம் கேட்டு அடம்பிடித்தால் அவர் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

அறிக்கைப் படிவத்தை ஏற்காட்டில் சோதியுங்கள்

கூட்டாளிக்கு அனுப்பும் முன் உங்கள் படிவத்தை எடுத்துக்கொண்டு சேர்வராயன் மலையில் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போக வேண்டிய ஒரு குக்கிராமத்துக்குப் போங்கள். அங்குள்ள ஒரு பம்புக்கோ ஊற்றுத் தொட்டிக்கோ அதை முழுதாக நிரப்பிப் பாருங்கள். முக்கால் மணிக்கு மேல் ஆனால் பாதியை வெட்டுங்கள். “இந்த வீட்டு ஆண்டு வருமானம் எவ்வளவு” என்று கேட்டதும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தக் கேள்வி நூரிஸ்தானிலும் அப்படித்தான் வேலை செய்யும். பம்புக்கு நான்கு கேள்வி போதும்: ஓடுகிறதா, இருபது லிட்டர்க் குடம் நிரம்ப எத்தனை முறை அடிக்க வேண்டும், கடைசியாக எந்தப் பாகம் எப்போது மாற்றியது, வரிசையில் எவ்வளவு நேரம். தாரி, பஷ்தூ இரண்டில் எது அந்த மாவட்டத்துக்கு வேண்டும் என்று கேட்டு, மொழிபெயர்ப்புச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேலையை நிறுத்தும் உரிமையைக் கூட்டாளிக்கு எழுத்தில் கொடுங்கள். அதிகாரிகள் பயனாளிப் பட்டியலைக் கேட்டாலோ, வரி என்ற பெயரில் பங்கு கேட்டாலோ உடனே நிறுத்தலாம், 72 மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொன்னால் போதும், அதுவரையான ஊழியர் சம்பளம் திரும்பக் கேட்கப்படாது. இந்த மூன்று வாசகங்கள் இல்லாவிட்டால், பணம் திரும்பப் போய்விடுமோ என்ற பயத்தில் அவர்கள் இணங்கிப் போவார்கள்.

பாகங்கள் எங்கே கிடைக்கும் என்பதையும் முதல் ஆண்டிலேயே முடிவு செய்யுங்கள். தொண்டு நிறுவனத்தின் கிடங்கில் வைத்தால் திட்டம் முடிந்த அன்று கதவு மூடும். மாவட்டக் கடைத்தெருவில் ஏற்கனவே குழாய்ச் சாமான் விற்கும் ஒருவருக்கு ஐம்பது பெட்டி கடனாகக் கொடுத்து, விற்ற பணத்தில் அடுத்த சரக்கை அவரே எடுக்கும்படி கூட்டாளி ஏற்பாடு செய்யட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கடையின் இருப்பைக் கேளுங்கள். யூ-சீல் மட்டும் விற்றுத் தீர்ந்து பாபின் தேங்கிக் கிடந்தால், அடுத்த பெட்டிகளில் எண்ணிக்கையை மாற்றுங்கள்.